வீட்டுக்கு வாங்கும் வாஷிங் மெஷினுக்கும் அடக்க விலை உண்டு

துவரம் பருப்பு கொள்முதலுக்குப் போனால் நாம் என்ன செய்கிறோம்? மூட்டையின் மேல்வாயில் இருப்பதை நம்பாமல் நடுவிலிருந்து ஒரு கை எடுக்கிறோம். உள்ளங்கையில் பரப்பி ஊதிப் பார்க்கிறோம். இரண்டு மணியைப் பல்லில் கடித்து ஈரம் பார்க்கிறோம். லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்கு எடை, கழிவு எல்லாவற்றையும் கூட்டி அடக்கம் என்ன என்று தெரிந்த பிறகுதான் தலையாட்டுகிறோம். கிலோவுக்கு 50 பைசா வித்தியாசத்துக்கு அரை மணி நேரம் பேசுகிறோம். அதே நாம் வீட்டுக்கு 25,000 ரூபாயில் ஒரு வாஷிங் மெஷின் வாங்கப் போனால், மூடியைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "எத்தனை மாதத் தவணை?" என்று கேட்பதோடு முடித்துக்கொள்கிறோம்.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானே அப்படிச் செய்தவன்தான். எங்கள் குடியிருப்பு கடைக்கு மேலே முதல் மாடி. ஓர் ஆடித் தள்ளுபடியில் முன்பக்கம் கதவு வைத்த மெஷின் ஒன்றை எடுத்து, நாலு பேர் சேர்ந்து மாடிக்கு ஏற்றினோம். பொருத்திப் போட்டால், தண்ணீர் நூல் போல இறங்குகிறது. ஐந்து நிமிடத்தில் மெஷின் ‘கீ கீ’ என்று கத்தி நின்றுவிடுகிறது. மூன்றாம் முறை வந்த மெக்கானிக் தம்பி, மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "அண்ணாச்சி, மெஷின்ல ஒரு குறையும் இல்ல. உங்க தண்ணித் தொட்டிதான் தாழ்வா இருக்கு." தளத்தின் மேலேயே தொட்டியை உட்கார வைத்திருந்தோம். குழாய்க்கும் தொட்டிக்கும் 7 அடிதான் உயரம். அழுத்தம் கூட்டும் சிறிய மோட்டார் ஒன்று வாங்கி மாட்டி, பிளம்பர் கூலியும் கொடுத்து ஓட வைக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் வீட்டில் கையால்தான் துவைத்தார்கள். மெஷின் மேல் அப்பளக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தோம்.

பொருள் மோசமில்லை, விலையும் கூடுதல் இல்லை. நம் வீட்டுத் தண்ணீரையும் மின்சாரத்தையும் துணியையும் பார்க்காமல் வாங்கியதுதான் பிழை. பில்லில் போட்ட விலை கொள்முதல் விலை மட்டுமே. தண்ணீர், மின்சாரம், தூள், பழுது, பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் ஆளின் நேரம் எல்லாம் சேர்ந்ததுதான் அடக்கம். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று பார்ப்போம்.

முதலில் தராசு

கடையில் ‘6 கிலோ, 7 கிலோ, 8 கிலோ’ என்று சொல்கிறார்களே, அது உலர்ந்த துணியின் எடை, அதுவும் பருத்தித் துணிக்குச் சொல்வது. நனைந்த பிறகு உள்ள எடை அல்ல. விற்பனைப் பிள்ளைகள், "வீட்டில் எத்தனை பேர்? ஐந்து பேரா? அப்படியானால் எட்டு கிலோ" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். தலையை எண்ணிச் சொல்லும் இந்தக் கணக்கு நமக்கு வேண்டியதில்லை. நம்மிடம் தராசு இருக்கிறது.

ஒரு வாரம் தினமும் அழுக்குத் துணியை ஒரு சாக்கில் போட்டு, மூட்டை நிறுக்கும் தராசில் வைத்து, சாக்கு எடையைக் கழித்து ஒரு சிட்டையில் குறித்து வாருங்கள். என் வீட்டில் ஐந்து பேர். வாரத்துக்கு 24 கிலோ வந்தது. ஆனால் ஏழு நாளும் ஒரே மாதிரி வரவில்லை. சாதாரண நாளில் இரண்டரை முதல் மூன்று கிலோ, போர்வையும் படுக்கை விரிப்பும் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் 7 கிலோவுக்கு மேல். நாலு முழ வேட்டி ஏறத்தாழ கால் கிலோ. நூல் சேலை அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பையன்களின் ஜீன்ஸ் ஒவ்வொன்றும் முக்கால் கிலோவுக்குப் பக்கம் இழுக்கிறது.

இதில் தெரிய வேண்டியது இரண்டு. மெஷினை வாய்வரை திணிக்கக் கூடாது; துணி புரள இடம் இல்லாவிட்டால் அழுக்குப் போகாது. முக்கால் பங்கு போடுவதே சரி. அதே சமயம், தினமும் மூன்று கிலோ துவைக்கிற வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைப் போர்வையை நினைத்து 10 கிலோ மெஷின் வாங்குவது, தீபாவளிச் சரக்கு வைக்க வருடம் முழுவதும் கிடங்கு வாடகை கொடுப்பது போன்றது. போர்வையை இரண்டு தடவையாகப் போட்டுக்கொள்ளலாம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 7 கிலோ போதும் என்பது என் கணக்கு. கூட்டுக் குடும்பமாக எட்டுப் பேர் இருந்தால் தராசு வேறு கணக்குச் சொல்லும்.

இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேடிக் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே ஒட்டிய ‘7 கிலோ’ என்பது துவைக்கும் தொட்டிக்கு. பிழியும் தொட்டி அதைவிடச் சிறியது. ஒரு தடவை துவைத்ததை இரண்டு தடவை பிழிய வேண்டியிருக்கும்.

தண்ணீரைப் பாருங்கள்

மெஷின் தேர்வில் முக்கால் பங்கு தண்ணீரிலேயே தீர்ந்துவிடுகிறது. தண்ணீரில் மூன்று கேள்வி: எந்த வேகத்தில் வருகிறது, எவ்வளவு கிடைக்கிறது, எப்படிப்பட்ட தண்ணீர்.

வேகத்தைச் சொல்லிவிட்டேன். 10 மீட்டர் உயரத் தொட்டி ஏறத்தாழ 1 ‘பார்’ அழுத்தம் தரும். முழு ஆட்டோமேடிக் மெஷின்கள் பலவற்றுக்குக் குறைந்தது 0.3 ‘பார்’ வேண்டும். அதாவது தொட்டியின் அடிக்கும் மெஷின் குழாய்க்கும் நடுவே 10 அடியாவது உயரம் இருக்க வேண்டும். சிலவற்றுக்கு இன்னும் கூடுதலாகவே வேண்டும், கையேட்டில் போட்டிருப்பார்கள். தரைத்தளத்தில் குடியிருந்து இரண்டாம் மாடியில் தொட்டி இருந்தால் கவலை இல்லை. மேல் மாடியில் குடியிருப்போர் டேப்பை எடுத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். குறைந்த அழுத்தத்திலும் ஓடும் என்று விற்கும் மாடல்களும் இருக்கின்றன. எத்தனை ‘பார்’ என்று எண்ணைக் கேளுங்கள்.

அளவு என்று பார்த்தால், முன்கதவு மெஷின் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 50 முதல் 60 லிட்டர் எடுக்கும். மேல்மூடி மெஷின் 100 லிட்டருக்கு மேலே போகும்; இரண்டு அலசல் கூட்டினால் 150-ஐயும் தொடும். வித்தியாசம் 60 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். வாரம் ஐந்து தடவை ஓட்டினால் வருடத்துக்கு 260 தடவை, 15,600 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்றுக்கும் மேலே. ஆற்றுத் தண்ணீர் தாராளமாக வருகிற ஊரில் இது பெரிய விஷயம் இல்லை. விலைக்குத் தண்ணீர் வாங்கும் ஊரில், உங்கள் ஊர் லாரி விலையைப் போட்டுப் பெருக்கிப் பாருங்கள். 2019 ஜூனில் சென்னை ஏரிகள் வறண்டு கிடந்தபோது, மேல்மூடி மெஷினை மூடி வைத்துவிட்டுப் பலரும் வாளிக்குத் திரும்பினார்கள்.

இந்த இடத்தில் செமி ஆட்டோமேடிக்குக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதற்கு அழுத்தமே வேண்டாம். வாளியால் ஊற்றலாம். ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வேட்டி சட்டை, பிறகு கலர்த் துணி, கடைசியில் மிதியடி, கடைத் துடைப்புத் துணி என்று மூன்று ஈடு எடுத்துவிடலாம். நாள் விட்டு நாள் ஒரு மணி நேரம் மட்டும் குழாயில் தண்ணீர் வருகிற தெருவில், இதைத் தாழ்வான மெஷின் என்று ஒதுக்குவது தவறு.

மூன்றாவது, தண்ணீரின் குணம். பருப்பு வேகவில்லை என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவருவது நம் கடைகளில் பழக்கமான காட்சி. பழைய பருப்பு என்றால் நம் குற்றம். ஆனால் அதே மூட்டைப் பருப்பு அடுத்த தெருவில் குழைய வெந்திருக்கும். அப்போது குற்றம் போர்த் தண்ணீரில். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கூடினால் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. குடிதண்ணீருக்கான இந்தியத் தரம் 10500, இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பதே நல்லது என்றும், வேறு வழி இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் எண் கிடைத்துவிடும். அது வேண்டாம் என்றால் வெந்நீர்ப் பானையின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் பொருக்குத் தட்டியிருந்தால், அதே பொருக்கு மெஷினுக்குள் இருக்கும் ஹீட்டர் கம்பியிலும் பிடிக்கும். பிடித்தால் சூடேற நேரம் கூடும், கரண்டு கூடும், கடைசியில் கம்பி போகும்.

ஆகவே உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் ஹீட்டர் உள்ள மெஷின் வாங்கினாலும் பெரும்பாலும் குளிர்ந்த தண்ணீரிலேயே ஓட்டுவது நல்லது. நம் ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீரே பாதி வெந்நீர்தான். பொருக்கு எடுக்கக் கம்பெனிகள் தனித் தூள் விற்கின்றன. நம் கடையில் இருக்கும் எலுமிச்சை உப்பும் பொருக்கைக் கரைக்கும். கையேட்டில் தடை இல்லையா என்று பார்த்துவிட்டு, துணி போடாமல் வெந்நீர் ஓட்டத்தில் போட வேண்டும்.

யார் நிற்பது?

விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் செமி ஆட்டோமேடிக் 10,000 முதல் 15,000 ரூபாய், மேல்மூடி முழு ஆட்டோமேடிக் 15,000 முதல் 25,000, முன்கதவு 25,000 முதல் 40,000 என்ற அளவில் பொதுவாகக் கிடைக்கின்றன. செமி வாங்கினால் பாதிப் பணம் மிச்சம் என்று தோன்றும். அந்த மிச்சத்தை யார் ஈடுகட்டுகிறார்கள் என்பதை நாம் யோசிப்பதில்லை.

நம் வீட்டுப் பெண்கள் பலருக்குக் கடையும் வீடும் ஒன்றுதான். காலையில் பால் பாக்கெட் இறக்குவது முதல், மதியம் நாம் சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில் கல்லாவில் உட்காருவது வரை அவர்கள் வேலை. துணி துவைப்பது கடை சாத்திய பிறகு, இரவு பத்து மணிக்கு. செமி மெஷினில் தண்ணீர் நிரப்ப ஒரு தடவை, வடிக்க ஒரு தடவை, அலச மறுபடி நிரப்ப, ஈரத் துணியைத் தூக்கிப் பக்கத்துத் தொட்டியில் போட, அது மூடி ஆடாமல் பிழிய என்று முக்கால் மணி நேரத்தில் நாலைந்து தடவை எழுந்து போக வேண்டும். அந்த ஈரத் துணியைக் குனிந்து தூக்குவதில்தான் இடுப்பு போகிறது. வேலைக்கு ஆள் வைத்திருந்தாலோ, தண்ணீர் அப்படித்தான் கிடைக்கும் என்றாலோ செமி வாங்குங்கள். மற்றபடி, கடையையும் பார்த்துக்கொண்டு துவைக்கிற வீட்டுக்குச் செமி மலிவு என்று நான் சொல்ல மாட்டேன். பொத்தானை அழுத்திவிட்டு இறங்கி வந்து கல்லாவில் உட்கார முடிவதுதான் முழு ஆட்டோமேடிக்கின் லாபம்.

வாங்கப் போகும்போது துவைக்கிறவரை அழைத்துப் போங்கள். முன்கதவு மெஷினுக்குக் குனிய வேண்டும், மேல்மூடிக்கு ஆழத்தில் கைவிட்டு எடுக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கும் உயரம் குறைந்தவருக்கும் விடை ஒன்றாக இருக்காது. நடுவில் மறந்த சட்டையைப் போட வேண்டும் என்றால் மேல்மூடியில் எளிது.

துணிக்கு எது நல்லது என்று கேட்டால் முன்கதவுதான். துணியைத் தூக்கித் தூக்கிப் போடுவதால் தேய்மானம் குறைவு. மேல்மூடியில் தண்ணீர் சுழலும்போது சேலையும் எட்டு முழ வேட்டியும் கயிறு போலத் திரித்துக்கொள்ளும். அவற்றை மடித்து வலைப்பையில் போட்டால் தப்பிக்கலாம். பட்டு, ஜரிகை எதையும் எந்த மெஷினிலும் போட வேண்டாம். மஞ்சள் கறைக்காக வெந்நீர் ஹீட்டர் வேண்டும் என்று சிலர் வாங்குகிறார்கள். மஞ்சள், சோப்பின் காரம் பட்டால் முதலில் சிவக்கும். பிறகு வெயிலில் காய்ந்தால் தானே வெளுத்துப்போகும். அதற்கு 5,000 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. எண்ணெய் வியாபாரம் செய்கிறவர்களின் சட்டைக்கு வெந்நீர் உண்மையிலேயே உதவும்.

சுழற்சி வேகம் 1,400 என்றும் 1,200 என்றும் போட்டு விலை கூட்டுவார்கள். வேகம் கூடினால் ஈரம் குறையும், சுருக்கம் கூடும். ஐப்பசி, கார்த்திகை தவிர மொட்டைமாடியில் ஒரு மணி நேரத்தில் காயும் ஊரில் 700-ஏ போதும். கொடி கட்ட இடமில்லாத அடுக்குமாடிக்கு 1,000-க்கு மேல் பார்க்கலாம்.

மின்சாரமும் எலியும்

ஹீட்டர் உள்ள மெஷின் சூடேற்றும்போது 2,000 வாட் வரை இழுக்கும். அது ஏறத்தாழ 9 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக்கில் போட்டு நீட்டிப்புப் பெட்டியில் இழுத்தால் பிளக் உருகும். 16 ஆம்பியர் பாயிண்டும், உயிரோடு இருக்கும் எர்த்தும் வேண்டும். கடைவீதிகளில் உள்ள பழைய வீடுகளில் எர்த் கம்பி வெறும் அலங்காரமாக இருப்பதை எலெக்ட்ரீஷியன்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஈரமும் கரண்டும் சேருகிற பொருள் இது, பரிசோதித்துவிட்டு மாட்டுங்கள். கசிவைக் கண்டதும் அணைக்கும் சுவிட்சும் போட்டுவிட்டால் நிம்மதி.

குளிர்ந்த தண்ணீரில் ஒரு தடவைக்கு 0.2 யூனிட் என்ற அளவில்தான் ஆகும். 60 டிகிரியில் ஓட்டினால் 1 யூனிட் வரை போகும். வருடம் 260 தடவைக்கு முன்னது 52 யூனிட், பின்னது 260. இரண்டு மாதப் பில்லில் ஒரு கட்டண அடுக்கின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு இந்த 35 யூனிட் வித்தியாசம் வலிக்கும். நட்சத்திரச் சீட்டு ஒட்டியிருந்தால் நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிற்காமல், கீழே ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருப்பதைப் படியுங்கள். நாம் கிலோவுக்கு விலை பார்த்துப் பழகியவர்கள். அந்த எண் நமக்காகவே எழுதியது போல இருக்கும்.

எலி விஷயத்தை எந்த விற்பனையாளரும் தானாகச் சொல்ல மாட்டார். கடையும் கிடங்கும் ஒட்டிய வீடுகளில் எலிக்குப் பஞ்சமில்லை. மேல்மூடி மெஷின்கள் பலவற்றுக்கு அடிப்பக்கம் திறந்து கிடக்கும். உள்ளே புகுந்து ஒயரைக் கடித்துவிட்டால் அது வாரண்டியில் சேராது. அடியில் வலையோ தட்டோ இருக்கிறதா என்று மெஷினைச் சாய்த்துப் பாருங்கள். இல்லாவிட்டால் வாங்கும் அன்றே மாட்டச் சொல்லுங்கள்.

தவணை, வாரண்டி, பில்

‘வட்டியில்லாத் தவணை’ என்பதை நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். மெஷின் 24,000. மாதம் 2,400 வீதம் 10 மாதம், கூடவே 500 ரூபாய் கட்டணம். அதே மெஷினை ரொக்கத்துக்குப் பேசினால் 22,000-க்குத் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 22,000 ரூபாய்ப் பொருளுக்கு 24,500 கொடுக்கிறோம். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டி. நம் கடைக்குச் சரக்குக் கடன் இரண்டு வட்டிக்கு என்றால் வாங்குவோமா? 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே, பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரொக்க விலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு தவணையைப் பற்றிப் பேசுங்கள். ரொக்கத்துக்கும் தவணைக்கும் ஒரே விலைதான் என்று அவர் உறுதியாக நின்றால், தவணையில் எடுப்பதில் தவறில்லை. பணம் நம் புழக்கத்தில் இருக்கும்.

‘10 வருட வாரண்டி’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். ‘மோட்டாருக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். மோட்டார் அவ்வளவு சுலபத்தில் போவதில்லை. போவது மின்னணுப் பலகை, தண்ணீர் வால்வு, வடிக்கும் பம்பு. முழு மெஷினுக்கு எத்தனை வருடம், கூலி உண்டா என்பதைக் கேளுங்கள். புதுச்சேரியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பெரிய கம்பெனிகளின் வாஷிங் மெஷின் ஆலைகள் இருக்கின்றன. என்றாலும் பக்கத்தில் ஆலை இருப்பதும் நம் ஊரில் உதிரிப்பாகம் கிடைப்பதும் வேறு வேறு. உள்ளூர் மெக்கானிக்கை அழைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "எந்தக் கம்பெனிப் பலகை இரண்டு நாளில் வருகிறது?" என்று கேட்டால், பத்து விளம்பரத்தில் கிடைக்காத விவரம் கிடைக்கும்.

இனி நம்மவர்களிடம் அதிகம் காணும் தவறு. வாஷிங் மெஷினுக்கு ஜி.எஸ்.டி. 2017 ஜூலையில் 28 சதவீதமாக இருந்தது. 2018 ஜூலை 27 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. 22,000 ரூபாய்ப் பில்லில் வரி மட்டும் 3,356 ரூபாய். "கடை ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டுப் பில் வாங்கினால் அந்த 3,356-ஐ உள்ளீட்டு வரியில் எடுத்துக்கொள்ளலாமே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். நானும் எண்ணைக் கொடுத்துத்தான் பில் போட்டேன். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு, சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு உள்ளீட்டு வரி எடுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. எடுத்திருந்தால் தணிக்கையில் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும், அபராதமும் வரலாம். பலசரக்குக் கடைக்கு வாஷிங் மெஷின் எதற்கு என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது. என் ஆடிட்டர் கணக்கு முடிக்கும் முன் பார்த்துவிட்டதால் நான் தப்பினேன். காம்பவுண்டிங் முறையில் இருப்பவர்களுக்கு உள்ளீட்டு வரியே கிடையாது, பேச்சுக்கே இடமில்லை. லாட்ஜுக்காக வாங்குபவர் கணக்கு வேறு; அவர் தன் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வீட்டு உபயோக மெஷினைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் வாரண்டி செல்லாது என்று பல கம்பெனிகள் எழுதியிருக்கின்றன. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், வணிக நோக்கத்துக்கு வாங்கியவரைப் பொதுவாக நுகர்வோர் என்று ஏற்பதில்லை. பில் கடை பெயரில் இருந்தால், பழுது வரும்போது ‘நீங்கள் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதாட நாமே ஆவணம் கொடுத்ததாகிவிடும். சொந்தப் பெயரில், வீட்டு முகவரியில், மெஷினின் வரிசை எண் எழுதிய பில் வாங்குங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

முன்கதவு மெஷினின் பின்புறம், வண்டியில் தொட்டி ஆடாமல் இருக்க நீண்ட போல்ட்டுகள் போட்டு முறுக்கியிருப்பார்கள். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் அறை முழுவதும் நடக்கும். பொருத்த வருபவர் கழற்றுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்; கழற்றியதைப் பத்திரமாக வையுங்கள், வீடு மாறும்போது வேண்டும். இந்த வகை 60, 70 கிலோ எடை இருக்கும். மாடிப்படி அகலத்தை முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும். செமி மெஷின் தண்ணீரைத் தானாகச் சரிவில் வடிக்கும், ஆகவே வடிகால் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். முன்கதவு பம்பு வைத்துத் தள்ளும்; அதன் குழாயைக் கையேட்டில் சொன்ன உயரத்துக்குத் தூக்கி மாட்ட வேண்டும்.

கடைக்காரர் வீட்டு மெஷினுக்குத் தனி நோய் ஒன்று உண்டு. நம் சட்டைப் பையில் இருப்பவை: சில்லறை, குண்டூசி, ரப்பர் பேண்ட், பால்பாயிண்ட் பேனா, பாக்கிச் சீட்டு. சில்லறையும் ஊசியும் வடிக்கும் பம்பில் போய் உட்காரும். சணல் தூசி வடிகட்டியை அடைக்கும். பையைத் தடவி, சட்டையை உதறிவிட்டுப் போடுகிற பழக்கம் வர எனக்கு ஒரு பம்பு செலவாயிற்று. வடிகட்டியைக் கழற்றினபோது 37 ரூபாய் சில்லறை கிடைத்தது.

தூள் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு தடவைக்கு 60 கிராம், கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12 ரூபாய். எட்டு வருடத்துக்கு 2,080 தடவை, 24,960 ரூபாய். 22,000 ரூபாய் மெஷினைவிடத் தூளுக்குக் கூடுதலாகச் செலவாகிறது! ‘ஒரு கை அள்ளிப் போடு’ என்பதை நிறுத்தி அளவுக் கரண்டியில் போட்டால், மெஷின் விலையில் பேரம் பேசிக் குறைத்ததைப் போல இரண்டு மடங்கு மிச்சமாகும். முன்கதவு மெஷினில் கைத்துவைப்புத் தூளைப் போடக் கூடாது. நுரை பொங்கி, துணி விழும் அடியை மெத்தை போலத் தாங்கிவிடும், அழுக்குப் போகாது. அதற்கென்று நுரை குறைந்த தூளும் திரவமும் வருகின்றன.

நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர்களும் இதை அறியாமல்தான் கேட்கிறார்கள். தெருவில் மெஷின் கூடக் கூட, பார் சோப்புப் போக்கு குறைந்து இந்தத் தூள், திரவம் போக்குக் கூடுகிறது. என் கடையில் மேல்மூடிக்கு ஒரு தட்டு, முன்கதவுக்கு ஒரு தட்டு என்று பிரித்து, மேலே கையால் எழுதி ஒட்டிவிட்டேன். கேட்காமல் எடுத்துப் போய் மறுநாள் திருப்பிக் கொண்டுவருவது நின்றிருக்கிறது. பெரிய பையை மட்டும் வைக்காமல் அரை கிலோ, ஒரு கிலோவும் வையுங்கள். புது மெஷின் வாங்கிய வீடு முதல் மாதம் சின்னப் பொட்டலம்தான் கேட்கும்.